பிரித்துக் கோத்த கிளாசிக் கார் இன்ஜினை முதன்முறை இயக்குதல்: முழுமையான வழிகாட்டி

சிலிண்டர்களின் உட்சுவரைக் கடைந்து (போர் அடித்து), கிராங்க் ஷாஃப்டுக்குச் சாணை பிடித்து, புதிய பேரிங், புதிய ரிங், புதிய கேம் ஷாஃப்ட் எல்லாம் போட்டுக் கோத்து முடித்த இன்ஜினில், மாதக்கணக்கான உழைப்பும் கணிசமான பணமும் அடங்கியிருக்கின்றன. அவ்வளவையும் முதல் அரை மணி நேர ஓட்டத்தில் வீணாக்கிவிட முடியும் என்பதால்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். முதன்முறை இயக்கும்போது இரண்டு இடங்களில் உலோகம் உலோகத்தோடு பழகிப் படிய வேண்டியிருக்கிறது: ஒன்று கேம் ஷாஃப்டின் முனைகளும் (வால்வுகளைத் திறப்பதற்காக அதில் துருத்தி நிற்கும் மேடுகள்) அந்த மேடுகளின் அசைவை வாங்கும் டேப்பெட்டுகளும் உரசும் இடம், மற்றொன்று பிஸ்டன் ரிங்குகளும் சிலிண்டர் சுவரும் உரசும் இடம். புதிய இன்ஜின் என்பதால் மெதுவாக, ஐடிலில் ஓடவிட்டுப் பழக்கலாம் என்று பலருக்கும் தோன்றும். உண்மையில் இவ்விரண்டு இடங்களுக்கும் அதைப்போலக் கெடுதல் வேறில்லை.

இதற்கு அடுத்த கெடுதல், இன்ஜின் பற்றாமல் ஸ்டார்ட்டர் மோட்டாரால் நெடுநேரம் சுற்றிக்கொண்டே இருப்பது. ஆகவே இனிச் சொல்லப்போகும் ஆயத்தங்கள் யாவும் ஒரே நோக்கத்துக்காகத்தான்: சாவியைத் திருப்பிய சில நொடிகளில் இன்ஜின் பற்ற வேண்டும், பற்றிய உடனே நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு மேல் சென்று அங்கேயே நிற்க வேண்டும். 1980களுக்கு முந்தைய பெரும்பாலான கார்களில் இருக்கும் தட்டை டேப்பெட், கார்புரேட்டர், காண்டாக்ட் பாயிண்ட் கொண்ட பெட்ரோல் இன்ஜினை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். அளவுகளைப் பொறுத்தவரை, உங்கள் காரின் வொர்க்‌ஷாப் மேனுவல் சொல்வதும் கேம் ஷாஃப்டோடு வந்த தாளில் இருப்பதுமே இறுதியானவை.

கேம் ஷாஃப்டுக்கு ஏன் இத்தனை கவனம்

தட்டை டேப்பெட் என்று சொன்னாலும் அதன் அடிப்பரப்பு முழுத் தட்டையானதன்று. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நடுவில் மேடாகச் சாணை பிடிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலான இன்ஜின்களில் கேம் முனையும் ஒரு பக்கமாக மிகச் சிறிய சரிவோடு அமைந்திருக்கும். இதனால் இரண்டும் நடுவைவிட்டுச் சற்று விலகித் தொட்டு, டேப்பெட் தன் துளைக்குள் மெல்லச் சுழன்றுகொண்டே ஏறி இறங்குகிறது. அந்தச் சுழற்சி இருக்கும்வரை தேய்மானம் பரப்பு முழுவதும் பரவும். சுழற்சி நின்றுபோனால் ஒரே கோட்டில் உரசல் குவிந்து, சில நிமிடங்களிலேயே முனை மழுங்கத் தொடங்கிவிடும். மழுங்கிய முனையின் இரும்புத் துகள், ஆயிலோடு சேர்ந்து புதிய பேரிங்குகளையும் சிலிண்டர் சுவரையும் அரித்துவிடுவதால், இழப்பு கேம் ஷாஃப்டோடு நிற்பதில்லை.

சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழே, பிளாக்கில் கேம் ஷாஃப்ட் அமைந்த இன்ஜின்களில் கேம் முனைகளுக்கு ஆயில் பெரும்பாலும் தனி வழியாக வருவதில்லை. சுற்றும் கிராங்க் ஷாஃப்ட் வீசியடிக்கும் ஆயில்தான் அவற்றை நனைக்கிறது. ஐடிலில் அந்த வீச்சு மிகக் குறைவு. மேலும், குறைந்த வேகத்தில் வால்வு ஸ்பிரிங்கின் முழு அழுத்தமும் கேம் முனையின் உச்சியில் விழுகிறது; வேகம் கூடும்போது டேப்பெட், புஷ் ராடு ஆகியவற்றின் வேக உந்தமே அந்த அழுத்தத்தில் ஒரு பகுதியைக் குறைத்துவிடும். 2000 சுற்று என்ற கணக்கு இவ்விரண்டு காரணங்களால் வந்ததே. கடினமான இரட்டை ஸ்பிரிங்குகள் போட்டிருந்தால், உள் ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு முதல் ஓட்டத்தை முடிப்பது கூடுதல் வேலைதான் என்றாலும், செய்யத் தகுந்த வேலை. ரோலர் டேப்பெட் கொண்ட இன்ஜின்களுக்கு இந்தப் பகுதி பொருந்தாது. ஆனால் ரிங்குகள் பற்றிப் பின்னால் சொல்வது அவற்றுக்கும் பொருந்தும்.

ஆயில்: எதை ஊற்றுவது, எப்படி ஏற்றுவது

உரசும் உலோகத்தின்மேல் காப்புப் படலம் உண்டாக்கும் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மம் போதிய அளவில் உள்ள ஆயில் இங்கே தேவைப்படுகிறது. இன்றைய கார்களின் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காக்க வேண்டி, மெல்லிய ரக நவீன ஆயில்களில் பாஸ்பரஸ் அளவு பத்து லட்சத்தில் 800 பங்குக்குள் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. தட்டை டேப்பெட்டின் முதல் ஓட்டத்துக்கு 1000 முதல் 1200 பங்கோ அதற்குச் சற்று மேலோ இருப்பது நல்லது. ஆகவே, பழக்கும் ஓட்டத்துக்கென்றே விற்கப்படும் ஆயிலையோ, பழைய கார்களுக்கான 20டபிள்யூ-50 போன்ற மினரல் ஆயிலையோ வாங்குங்கள். முழுச் சிந்தெடிக் ஆயில் உயர்ந்த பொருள்தான். ஆனால் ரிங்குகள் படிய வேண்டிய காலத்துக்கு அது பொருந்தாது.

இன்ஜினைக் கோக்கும்போது கேம் முனைகளிலும் டேப்பெட் அடியிலும் அதற்கான கெட்டியான அசெம்பிளி பேஸ்ட்டைத் தடவியிருப்பீர்கள். கோத்து முடித்துப் பல வாரங்கள் ஆகியிருந்தால் பேரிங்குகளில் தடவிய ஆயில் வடிந்து போயிருக்கும். ஆதலால் இன்ஜின் பற்றுவதற்கு முன்பே பம்ப், ஃபில்டர், ஆயில் பாதைகள் யாவும் நிறைந்திருக்க வேண்டும். இதை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது.

பிளக்குகளுக்கு முறைவைத்து மின்சாரத்தை அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டே ஆயில் பம்பையும் சுழற்றும் இன்ஜின்களில், டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிவிட்டு, அந்தத் துளை வழியாக ஒரு தண்டை இறக்கி, டிரில் மிஷினால் பம்பைச் சுழற்றலாம். சுழலும் திசை இன்ஜினுக்கு இன்ஜின் மாறும்: செவர்லே ஸ்மால் பிளாக் வி8இல் வலஞ்சுழியாகவும், ஃபோர்டு விண்ட்சர் வி8இல் இடஞ்சுழியாகவும் சுழற்ற வேண்டும். செவர்லேயில் டிஸ்ட்ரிபியூட்டரின் உடலே ஆயில் பாதைக்கு ஒரு சுவராகவும் அமைவதால், வெறும் தண்டு போதாது. அதே வடிவில் செய்த கருவி வேண்டும். பம்ப் ஆயிலைப் பிடித்ததும் டிரில் சட்டென்று பாரமாவதைக் கையில் உணரலாம். அதன்பின் மற்றொருவர் கிராங்க் ஷாஃப்டைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பிக்கொண்டே வர, எல்லா ராக்கர்களிலும் ஆயில் கசிந்து வரும்வரை தொடருங்கள்.

மோரிஸ் மைனர், மினி ஆகியவற்றின் ஏ-சீரிஸ் இன்ஜினிலும் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலிலும் பம்பைக் கேம் ஷாஃப்டின் ஒரு நுனியே சுழற்றுவதால் இந்த வழி இல்லை. அங்கே, ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் துளை வழியாகக் காற்றழுத்தத் தொட்டியிலிருந்து ஆயிலைச் செலுத்துவது மிகச் சிறந்த வழி. அந்தக் கருவி கிடைக்காவிட்டால், எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, இக்னிஷனைத் துண்டித்து, ஸ்டார்ட்டரால் சிறு சிறு தவணையாகச் சுற்றிப் பிரஷர் ஏறும்வரை பார்க்கலாம். பிளக் இல்லாததால் கம்ப்ரெஷன் சுமை பேரிங்கில் விழாது. ஒவ்வொரு தவணையும் பத்து நொடியைத் தாண்டக் கூடாது; ஸ்டார்ட்டர் ஆறுவதற்கு இடையில் நேரம் விட வேண்டும். மொத்தச் சுற்றலையும் இயன்றவரை குறைத்துக்கொள்ளுங்கள். கேம் முனையிலுள்ள பேஸ்ட்டை இந்தச் சுற்றல் வழித்தெடுக்கும். ஃபில்டரை நிமிர்த்தி மாட்டும் அமைப்பாக இருந்தால் அதை ஆயிலால் நிரப்பியே மாட்டுங்கள். இந்த வேலை முழுவதிலும் கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். கிளட்ச் மிதியை அழுத்த வேண்டாம். அழுத்தினால் கிளட்சின் விசை, கிராங்க் ஷாஃப்ட் முன்பின் நகராமல் தாங்கும், இன்னும் ஆயில் எட்டாத த்ரஸ்ட் வாஷர்களின்மேல் விழும்.

டைமிங்: பற்றுமா, பற்றாதா என்பது இங்கே

புதிதாகக் கோத்த இன்ஜின் பற்ற மறுப்பதற்கு மிகப் பொதுவான காரணம், டிஸ்ட்ரிபியூட்டர் 180 பாகை மாறி உட்கார்ந்திருப்பதுதான். கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்றே சுற்றுவதால், இன்ஜினின் முன்பக்கத்திலுள்ள டைமிங் குறிகள் நேராக நிற்பது முதல் சிலிண்டர் கம்ப்ரெஷனில் இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. முதல் சிலிண்டரின் பிளக் துளையில் விரலை வைத்து மூடிக்கொண்டு, கிராங்க் ஷாஃப்டை அதன் இயல்பான திசையில் கையால் திருப்புங்கள். காற்று விரலைத் தள்ளும் சுற்றே கம்ப்ரெஷன். ராக்கர் மூடி திறந்திருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு: நான்கு சிலிண்டர் இன்ஜினில் நான்காம் சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் ஒன்று மூடி மற்றது திறக்கும் தறுவாயில் இருந்தால், முதல் சிலிண்டர் கம்ப்ரெஷன் உச்சியில் இருக்கிறது.

அங்கிருந்து, மேனுவல் சொல்லும் ஸ்டாட்டிக் டைமிங் (இன்ஜின் ஓடாதபோது வைக்கும் தீப்பொறி நேரம்) அளவுக்கு, உச்சிக்கு முன் இத்தனை பாகை என்ற குறியில் கிராங்க் ஷாஃப்டை நிறுத்துங்கள். பாயிண்ட் இடைவெளியை அதற்கு முன்பே ஃபீலர் கேஜால் சரிசெய்துவிட வேண்டும். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். புதிய பாயிண்டுகளின் முகத்தில் துருக்காப்புப் படலம் இருக்கக்கூடும் என்பதால் துடைத்துவிட்டுப் போடுங்கள். காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் பக்க முனைக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு சிறு பல்பை இணைத்து, இக்னிஷனைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் உடலை மெல்லத் திருப்பினால், பாயிண்ட் திறக்கும் கணத்தில் பல்பு எரியும். அந்த இடத்தில் இறுக்குங்கள்; ஆனால் டைமிங் லைட் வைத்துப் பிறகு திருத்த வேண்டியிருக்கும் என்பதால் கையால் வலுவாகத் திருப்பினால் அசையும் அளவுக்கே இறுக்கம் போதும். ரோட்டார் எந்த முனையை நோக்கி நிற்கிறதோ அதுவே முதல் சிலிண்டரின் வயர். அங்கிருந்து ரோட்டார் சுழலும் திசையில் மற்ற வயர்களை மாட்டுங்கள்: பெரும்பாலான நான்கு சிலிண்டர் இன்ஜின்களில் 1-3-4-2, ஆறு சிலிண்டர் நேர்வரிசை இன்ஜின்களில் 1-5-3-6-2-4.

வால்வு இடைவெளிகளையும் இப்போதே குளிர்ந்த நிலையில் சரிபார்த்து, ஒவ்வொரு அளவையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தாள் பின்னால் மிகவும் பயன்படும்.

பேட்டரி முழுச் சார்ஜில் இருக்கட்டும். இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் பட்டையை மாட்டினீர்களா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். இன்ஜினை இறக்கி ஏற்றும்போது அடிக்கடி விட்டுப்போவது இதுதான். அது இல்லாவிட்டால் ஸ்டார்ட்டரின் பெரும் மின்னோட்டம் சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் பாய்ந்து அவற்றைப் பொசுக்கும்.

பெட்ரோலும் தண்ணீரும்

டாங்கில் பழைய பெட்ரோல் கிடந்தால் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். மெக்கானிக்கல் பம்புகள் பலவற்றில் கையால் அழுத்தும் சிறு நெம்பு இருக்கும். அதைக்கொண்டு கார்புரேட்டரின் ஃப்ளோட் அறையை நிரப்பலாம், அல்லது நேரடியாகவே அறையில் பெட்ரோலை ஊற்றலாம். பம்பை நிரப்புவதற்காக ஸ்டார்ட்டரைச் சுற்றுவது, கேம் ஷாஃப்டின் ஆயுளைச் செலவழித்துப் பெட்ரோலை இழுப்பதாகும். நிரப்பியபின் சில நிமிடங்கள் காத்திருந்து, ஃப்ளோட் நிரம்பியதும் நீடில் வால்வு அடைக்கிறதா, எங்காவது வழிகிறதா என்று பாருங்கள். எஸ்யூ கார்புரேட்டராக இருந்தால் மேலே உள்ள டேஷ்பாட்டில் (கார்புரேட்டர் பிஸ்டனின் அசைவைத் தணிக்கும் சிறு ஆயில் அறை) ஆயில் ஊற்றி, ஜெட்டை மேல் விளிம்பு வரை ஏற்றி, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று கீழிறக்கினால், இன்ஜின் பற்றுவதற்குப் போதுமான தொடக்க நிலை கிடைக்கும்.

கூலிங்கில் தொல்லை தருவது காற்றுக் குமிழ். ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்து, முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, மேல் ஹோஸைப் பிசைந்துகொண்டே மெதுவாக ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட் தட்டில் காற்றுத் துளை இல்லையென்றால் சுமார் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டுவிடலாம். பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பாக இருந்தால் முதல் ஓட்டத்தைச் சுத்தமான தண்ணீரோடு முடித்து, ஒழுக்குகளைச் சரிசெய்தபின் கூலன்டுக்கு மாறலாம். அலுமினிய ஹெட் என்றால் தொடக்கத்திலேயே அரிப்புத் தடுப்புக் கொண்ட கூலன்ட் வேண்டும். கார் அசையாமல் நிற்கப்போவதால் ரேடியேட்டருக்கு எதிரே பெரிய மின்விசிறி ஒன்றை வைத்துவிடுங்கள்.

இயக்கும் நாள்

காரைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள், அல்லது புகைக் குழாயை வெளியே கொண்டுபோங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. மூடிய ஷெட்டுக்குள் அரை மணி நேரம் இன்ஜின் ஓடினால் அது உயிரைப் பறிக்கும். சக்கரங்களுக்குக் கட்டை, கைக்கெட்டும் தூரத்தில் பெட்ரோல் தீக்குரிய தீயணைப்பான், வாளியில் தண்ணீர், டைமிங் லைட், வெப்பம் பார்க்கும் இன்ஃப்ராரெட் கருவி ஆகியவை இருக்கட்டும். நம்பத்தக்க ஆயில் பிரஷர் மீட்டர் ஒன்றையும் தற்காலிகமாகவேனும் பொருத்துங்கள். எச்சரிக்கை விளக்கை மட்டும் நம்புவது சரியன்று. பிரஷர் ஏறக்குறைய முழுதும் போன பிறகுதான் அது எரியும்.

இருவராவது தேவை. ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து ஆக்சிலரேட்டரையும் மீட்டர்களையும் மட்டுமே கவனிக்க வேண்டும்; மற்றவர் இன்ஜினருகே நின்று ஒழுக்கு, புகை, ஒலி ஆகியவற்றைக் கவனிப்பார். நிறுத்தச் சொல்லும் கைச்சைகையை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கண்டதும் காரணம் கேட்காமல் அணைத்துவிட வேண்டும்.

சோக்கைத் தேவையான அளவுக்கே இழுத்து, ஆக்சிலரேட்டரைச் சற்று மிதித்தபடி ஸ்டார்ட்டரை இயக்குங்கள். மேலே சொன்னவை சரியாக இருந்தால் இரண்டு மூன்று நொடியில் பற்றும். பத்து நொடிக்குள் பற்றாவிட்டால் நிறுத்துங்கள். கார்புரேட்டர் வழியாக வெடித்தால் பெரும்பாலும் டிஸ்ட்ரிபியூட்டர் எதிர்ப்பக்கம் அமர்ந்திருக்கிறது, அல்லது வயர் வரிசை மாறியிருக்கிறது, அல்லது டைமிங் பிந்தியிருக்கிறது. ஸ்டார்ட்டரையே எதிர்த்து உதைத்தால் டைமிங் அதிகம் முந்தியிருக்கிறது. எந்தச் சலனமும் இல்லையென்றால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: ஈரமாக இருந்தால் தீப்பொறி இல்லை, உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. காரணம் தெரியாமல் மூன்றாம் முறை சுற்றுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு மணி நேரம் போனாலும் காரணத்தைக் கண்டுபிடித்த பிறகே சாவியைத் தொடுங்கள்.

முதல் இருபது முப்பது நிமிடங்கள்

பற்றியதும் சுற்றை 2000க்கு ஏற்றுங்கள். அந்தக் கணத்தில் பார்க்க வேண்டியது ஆயில் பிரஷரை மட்டுமே. ஐந்து நொடிக்குள் முள் நன்கு எழவில்லையென்றால் அணையுங்கள். குளிர்ந்த ஆயிலில் பல இன்ஜின்கள் 50 முதல் 60 பிஎஸ்ஐ காட்டும். சூடானபின் ஒவ்வொரு 1000 சுற்றுக்கும் 10 பிஎஸ்ஐ என்ற பழைய கணக்கு இன்றும் நல்ல வழிகாட்டி. பிரஷர் நின்றதும் சோக்கை விரைவாக உள்ளே தள்ளுங்கள். தேவைக்கு மேல் பெட்ரோல் போனால் அது சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிவிடும்.

இனி இருபது முதல் முப்பது நிமிடம் வரை 2000க்கும் 2500க்கும் இடையே சுற்றை மெல்ல ஏற்றியிறக்கிக்கொண்டே இருங்கள். ஒரே வேகத்தில் நிறுத்தினால் ஆயில் ஒரே இடத்தில் தெறிக்கும்; மாற்றிக்கொண்டிருந்தால் எல்லா முனைகளிலும் படும். ஐடிலை அமைக்கவோ கார்புரேட்டரை நுணுக்கமாகத் திருத்தவோ இது நேரமன்று. டைமிங்கை மட்டும் டைமிங் லைட்டால் உடனே சரிபாருங்கள். அது பிந்தியிருந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு செந்நிறமாகப் பழுக்கும். கலவை மிகவும் மெலிந்திருந்தாலும் அதேபோல் நேரும்.

புகை நிறையவே வரும். மேனிஃபோல்டின் பெயின்ட், போர்ட்டுகளில் தேங்கிய ஆயில், அசெம்பிளி பேஸ்ட் எல்லாம் எரிந்து தீரும்வரை அதைக் கண்டு கலங்க வேண்டாம். ரிங்குகள் படியும்வரை சற்று நீலப்புகையும் இருக்கும். ஹைட்ராலிக் டேப்பெட்டுகள் சில நிமிடம் சத்தமிட்டு அடங்கும். ஆனால் அடியிலிருந்து வரும் கனமான தட்டல், திடீரென இறங்கும் பிரஷர், பெட்ரோல் ஒழுக்கு ஆகிய மூன்றில் எது வந்தாலும் அப்போதே அணைத்துவிட வேண்டும்.

வெப்பமானியில் முள் ஏறவே இல்லையென்றால் மகிழ வேண்டாம். சென்ஸர் காற்றுக் குமிழில் நிற்கலாம். இன்ஃப்ராரெட் கருவியால் தெர்மோஸ்டாட் உறையையும் ஹெட்டின் பின்பகுதியையும் பாருங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் தண்ணீர் மட்டம் இறங்கக்கூடும். வெப்பம் எல்லை மீறினால் அணைத்து, ஆறவிட்டு, மறுபடி தொடங்கலாம். பழக்கும் நேரத்தைத் தவணையாக முடிப்பதில் கெடுதல் இல்லை; ஒவ்வொரு தவணையையும் நேராக 2000 சுற்றிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதே நிபந்தனை. சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்காதீர்கள்.

அணைத்த பிறகு

ஆயிலைச் சூட்டோடு வடித்து, ஃபில்டரையும் மாற்றுங்கள். பழைய ஃபில்டரை அறுத்து, மடிப்புத் தாளைப் பிரித்து வெளிச்சத்தில் பாருங்கள். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிற மெல்லிய பசை ஒட்டியிருப்பதும், தாளில் நுண்ணிய துகள் சில தெரிவதும் இயல்பே. செம்பு நிறத்தில் மின்னும் செதில்களோ, ஊசிபோன்ற இரும்புத் துண்டுகளோ இருந்தால் மேற்கொண்டு ஓட்டாமல் இன்ஜினைத் திறந்து பார்ப்பதுதான் அறிவுடைமை.

இன்ஜின் முழுதும் குளிர்ந்தபின், மேனுவலும் கேஸ்கெட் தயாரிப்பாளரும் கேட்கும் பட்சத்தில், ஹெட் போல்ட்டுகளை உரிய வரிசையில், டார்க் ரெஞ்சால் உரிய இறுக்கத்துக்கு மறுபடி இறுக்குங்கள். அதற்கடுத்து வால்வு இடைவெளிகளை அளந்து, முன்பு எழுதி வைத்த தாளோடு ஒப்பிடுங்கள். எல்லாம் ஒரே சீராகச் சற்று மாறியிருந்தால் அது ஹெட் கேஸ்கெட் அமுங்கியதன் விளைவு. ஒரே ஒரு வால்வில் மட்டும் இடைவெளி கூடியிருந்தால், அந்தக் கேம் முனை தேயத் தொடங்கியிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். டயல் கேஜ் வைத்து அதன் ஏற்றத்தை மற்ற முனைகளோடு ஒப்பிட்டால் ஐயம் தீரும். மேனிஃபோல்டு நட்டுகளையும் ஹோஸ் கிளிப்புகளையும் இறுக்கிவிடுங்கள்.

ரிங்குகளின் முறை

கார் நின்ற இடத்திலேயே கேம் ஷாஃப்ட் படிந்துவிட்டது. ரிங்குகள் அப்படிப் படியமாட்டா. எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்குக்குப் பின்னால் புகுந்து அதைச் சுவரோடு தள்ளினால்தான், ஹோனிங் (சிலிண்டர் சுவரைச் சாணைக்கல்லால் தீட்டுவது) விட்டுச்சென்ற குறுக்குக் கோடுகளின் கூர்முனைகள் தேய்ந்து இரண்டும் பொருந்தும். சுமையில்லாமல் ஓடும் இன்ஜினில் அந்த அழுத்தம் இல்லை. சுவரில் ஆயில் எரிந்து கண்ணாடிபோல் படிந்து, ரிங் என்றைக்குமே படியாமல் போகலாம். அவ்வாறு ஆன இன்ஜினை மறுபடி பிரித்து ஹோன் செய்வதைத் தவிர வேறு வழி அநேகமாக இல்லை.

ஆகவே ஆயில் மாற்றியதும், பிரேக், ஸ்டியரிங் ஆகியவற்றைச் சரிபார்த்துவிட்டுச் சாலைக்குக் கொண்டுபோங்கள். நெரிசலற்ற சாலையில், இன்ஜின் திணறாத கியரில், 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80 வரை நல்ல மிதியோடு ஏற்றி, பின்பு ஆக்சிலரேட்டரை முழுதும் விட்டு, பிரேக் தொடாமல் 50க்கு இறங்க விடுங்கள். ஏற்றும்போது ரிங்குகள் சுவரை அழுத்துகின்றன. இறங்கும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் வெற்றிடம் ஆயிலை மேலே இழுத்துத் தேய்ந்த துகளைக் கழுவுகிறது. இதைப் பத்துப் பன்னிரண்டு முறை செய்யுங்கள். முதல் 800 கிலோமீட்டர் வரை ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டுவது, மேட்டில் உயர் கியரில் திணறவிடுவது, நின்ற இடத்தில் நெடுநேரம் ஐடிலில் விடுவது ஆகியவற்றைத் தவிருங்கள். ஆயில் அளவை ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் பாருங்கள். தொடக்கத்தில் சற்றுக் குறைந்து, பிறகு குறைவது நின்றால் ரிங் படிந்துவிட்டதற்கு அதுவே அடையாளம். 800 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் இன்னொரு முறை மாற்றி, அந்த ஃபில்டரையும் அறுத்துப் பார்த்து, வால்வு இடைவெளிகளை மூன்றாம் முறையாக அளந்து அதே தாளில் எழுதுங்கள்.